எழுத்தும் வாதமும் இணையவழியில்: வன்னியிலிருந்து ஒரு பதில்

கேள்வி இது. கிளிநொச்சியில் புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஒரு விரிவுரையாளர் கேட்டிருக்கிறார். முதலாம் வருட மாணவர்கள் 80 பேருக்குக் கல்விசார் எழுத்தும் வாதமுறையும் என்ற பாடத்தைப் பெரும்பாலும் இணையவழியில் நடத்தச் சொல்லியிருக்கிறார்கள். பிள்ளைகள் துணுக்காய், ஒட்டுசுட்டான், நெடுங்கேணி, புதுக்குடியிருப்பு என்று பரந்திருக்கிறார்கள். சூமில் விரிவுரை செய்வதா, பதிவுசெய்து ஏற்றிவிடுவதா? எழுத்தை இணையத்தில் கற்பிக்கத்தான் முடியுமா?

முடியும். வகுப்பறையைவிட நன்றாகவே முடியும் என்று நம்புகிறேன். ஆனால் நீங்கள் கேட்ட இரண்டு வழியும் அதற்கு உதவாது. சூமில் நீங்கள் பேசினால் பிள்ளைகள் கேட்பார்கள். பதிவுசெய்து போட்டால் சிலர் பார்ப்பார்கள். இரண்டிலும் ஒருவரும் எழுதப்போவதில்லை. வகுப்பில் நடக்கிற பேச்சு முழுவதையும் எழுத்தாக மாற்றிவிடுங்கள். கேள்வி எழுத்தில் வரட்டும், பதில் எழுத்தில் வரட்டும், பிணக்கும் இணக்கமும் எழுத்தில் நடக்கட்டும். அந்தப் போக்குவரத்துத்தான் பாடம்.

இது என் கண்டுபிடிப்பில்லை. 1985இல் அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனில், செவிப்புலன் இழந்தோருக்கான கலோடெட் கல்லூரியில் (இன்று அது பல்கலைக்கழகம்) ட்ரென்ட் பாட்சன் என்ற ஆசிரியர் இதைச் செய்தார். அவருடைய மாணவர்கள் சைகை மொழியில் தாராளமாக வாதாடுவார்கள், ஆங்கிலத்தில் எழுதச் சொன்னால் தடுமாறுவார்கள். ஆங்கிலத்தில் அவர்கள் யாரோடும் உரையாடிப் பழகியதே இல்லை. பாட்சன் வகுப்பறைக் கணினிகளை ஒன்றோடொன்று இணைத்து, ஒரே அறைக்குள் இருந்தபடியே எல்லாரையும் தட்டச்சில் பேசவைத்தார். எழுத்து முதன்முதலாக அவர்களுக்கு உரையாடும் மொழியாயிற்று. பின்னர் செவிப்புலன் உள்ள மாணவர்களின் வகுப்புகளும் இந்த முறையை எடுத்துக்கொண்டன.

நம் பிள்ளைகளின் நிலை இதிலிருந்து அவ்வளவு தூரமில்லை. வாய்க்கால் தண்ணீர் யாருக்கு முதலில் என்ற கதை வந்தால் எந்த வயற்காரனின் மகளும் பத்து நிமிடம் தயங்காமல் நியாயம் சொல்லுவாள். அதையே கட்டுரையாக எழுதச் சொன்னால் "இன்றைய நவீன உலகிலே" என்று தொடங்கி, டியூசனில் பாடமாக்கிய பந்திகளை ஒன்றன்பின் ஒன்றாக இறக்கிவைப்பாள். நியாயம் சொல்லும் ஆற்றல் அவளிடம் ஏற்கெனவே உண்டு. அதை எழுத்துக்குக் கொண்டுவருகிற பாதையைத்தான் நாங்கள் போட்டுக் கொடுக்கவில்லை.

எனக்கு இது புரிந்தது 2020இல். பங்குனியில் பல்கலைக்கழகங்கள் மூடப்பட்டபோது லேர்ண் கல்வி வலையமைப்பின் ஊடாகச் சூமும், மூடில் என்ற பல்கலைக்கழக இணையக் கற்கைத் தளங்களும் டேட்டாக் கட்டணம் இல்லாமல் கிடைத்தன. நல்ல ஏற்பாடு அது. காசுப் பிரச்சினை தீர்ந்தது என்று நினைத்து வாரத்துக்கு இரண்டு தடவை ஒன்றரை மணித்தியாலம் பேசினேன். ஐந்தாம் வாரம் ஒரு பிள்ளையின் ஒப்படை வரவில்லை. ஏன் என்று கேட்டு வட்ஸ்அப்பில் எழுதினேன். நாலு வரியில் பதில் வந்தது. வீட்டில் கவரேஜ் இல்லை, குளக்கட்டில் ஏறினால்தான் கிடைக்கும், என் வகுப்பு பின்னேரம், அந்த நேரத்தில் யானை இறங்கும், அப்பா விடமாட்டார். இரவு பத்து மணிக்குப் பிறகு மாமரத்தடியில் கொஞ்சம் சிக்னல் வரும், அப்போது அனுப்பலாமா?

திரும்பத் திரும்ப வாசித்தேன். காரணம் இருந்தது, சான்று இருந்தது, வாசிக்கிறவரின் நிலையைக் கணித்து வைத்த ஒரு வேண்டுகோளும் இருந்தது. ஐந்து வாரத்தில் அவள் எழுதி நான் வாசித்த முதல் எழுத்து அது. அதுவரை எழுத்தைப் பற்றி நான்தான் பேசிக்கொண்டிருந்தேன்.

டேட்டாக் கணக்கையும் ஒருமுறை பாருங்கள். படத்தோடு ஒரு மணித்தியாலச் சூம் வகுப்புக்கு ஏறக்குறைய 1 ஜிபி போகும். யுனிக்கோட்டில் சேமிக்கும்போது ஒரு தமிழ்க் குறியீடு 3 பைட். 300 சொல் கொண்ட ஒரு பதிவு கிட்டத்தட்ட 10 கேபிக்குள் அடங்கிவிடும். பக்கம் திறக்கிற செலவை விட்டுவிட்டு எழுத்தை மட்டும் எடுத்தால், ஒரு சூம் வகுப்பின் டேட்டாவில் ஒரு லட்சம் பதிவு போய்வரலாம். மூடில் செயலியில் இன்னொரு வசதியும் இருக்கிறது. சிக்னல் இல்லாத நேரத்திலும் பதிலை எழுதி வைக்கலாம், இணைப்பு வந்ததும் அது போய்ச் சேர்ந்துவிடும். 2022 பங்குனி கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை மின்சாரம் நின்றபோது நேரடி வகுப்பு ஒன்றுகூட ஒழுங்காக நடக்கவில்லை. எழுத்தில் நடந்த வகுப்பு நிற்கவில்லை. அமெரிக்கக் கல்லூரி எழுத்தாசிரியர்களின் அமைப்பு 2013இல் இணையவழி எழுத்துக் கற்பித்தலுக்கு 15 கோட்பாடுகளை வெளியிட்டது. முதலாவதே, எல்லாரும் எட்டக்கூடியதாக அது இருக்கவேண்டும் என்பது. வன்னியில் அந்தக் கோட்பாட்டை யாரும் விளக்கத் தேவையில்லை.

இனி வாதம். தாளில் எழுதும் கட்டுரைக்கு வாசகர் ஒருவர்தான், அவரும் புள்ளி போடுகிறவர். அவருக்கு விடை ஏற்கெனவே தெரியும் என்று பிள்ளைக்கும் தெரியும். யாரையும் இணங்கவைக்கத் தேவையில்லாத இடத்தில் வாதம் எப்படிப் பிறக்கும்? இணையவழியில் ஏழெட்டுச் சக மாணவர்கள் வாசிக்கிறார்கள், மறுக்கிறார்கள், "எனக்கு விளங்கேல்லை" என்கிறார்கள். அந்த வார்த்தையைப் போல எழுத்தைத் திருத்துகிற மருந்தை நான் கண்டதில்லை.

தலைப்பை ஊரிலிருந்தே எடுங்கள். நான் பல தடவை கொடுத்தது இரணைமடு. அந்தக் குளத்துத் தண்ணீரை யாழ்ப்பாணத்துக்குக் குடிநீராகக் கொண்டுபோகும் திட்டம் வந்தபோது கிளிநொச்சிக் கமக்காரர்கள் எதிர்த்தார்கள். மாரி பொய்த்தால் சிறுபோகத்துக்கே தண்ணீர் போதாது என்பது அவர்கள் நியாயம். குடாநாட்டின் சுண்ணாம்புக்கல் நிலத்தடி நீரில் நைத்திரேற்று ஏறிக்கொண்டு போகிறது, அந்த மக்களும் குடிக்கத்தானே வேண்டும் என்பது மறுபக்கத்து நியாயம். பிறகு தாளையடியில் கடல்நீரைக் குடிநீராக்கும் திட்டம் வந்தது. ஒரு பிள்ளை ஒரே நிலைப்பாட்டை மூன்று பேருக்கு எழுதவேண்டும்: கமக்காரர் அமைப்பின் தலைவருக்கு, குடாநாட்டில் கிணற்று நீர் கெட்டுப்போன கோப்பாய்க் குடும்பம் ஒன்றுக்கு, நீர்ப்பாசனப் பொறியியலாளருக்கு. ஒவ்வொன்றும் 150 சொல். பொறியியலாளருக்கு அடிக்கணக்கும் ஏக்கர்க்கணக்கும் வேண்டும். கோப்பாய்க் குடும்பத்துக்கு முதலில் அவர்கள் தாகத்தை ஒப்புக்கொள்ளவேண்டும். தலைவருக்கு எழுதும்போது அவர் அறிந்ததை அவருக்கே விளக்கக்கூடாது. கேட்போரின் மனநிலை, சொல்பவரின் நம்பகம், சொல்லும் நியாயம் என்று அரிஸ்டாட்டில் பிரித்ததெல்லாம் அந்த மூன்று கடிதத்துக்குள் வந்துவிடும். அவர் பெயரைப் பிறகு சொல்லலாம்.

வாதத்தின் அமைப்பைச் சொல்லிக் கொடுக்க எனக்கு மிகவும் உதவியது கண்ணகி. முள்ளியவளைப் பக்கத்துப் பிள்ளைகள் கோவலன் கூத்தைச் சின்ன வயதிலிருந்தே அறிந்தவர்கள். பாண்டியன் அவையில் அவள் கொண்ட கோபம் எல்லாருக்கும் தெரியும். அவள் வழக்குரைத்த ஒழுங்கை யாரும் கவனிப்பதில்லை. சிலம்பை உடைக்க முன்பே, தன் சிலம்பின் பரல், அதாவது உள்ளே கிடக்கும் மணி, மாணிக்கம் என்று சொல்லிவிடுகிறாள். அரசன், எங்களுடையது முத்து என்கிறான். வழக்கு எதில் தங்கியிருக்கிறது என்று அந்த இடத்தில் இருவருமே ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். அதன் பிறகே சிலம்பு உடைகிறது. முதலில் உடைத்துவிட்டுப் பிறகு வாதாடியிருந்தால், தெறித்த மாணிக்கம் எதையும் நிறுவியிராது. நம் மாணவர்களின் கட்டுரைகளில் சான்று முதற் பந்தியிலேயே வந்து விழுந்துவிடும், அது எதற்குச் சான்று என்று கடைசிவரை தெரியாது. "பரல் எது என்று இன்னும் சொல்லவில்லை" என்று ஒரு பிள்ளை இன்னொருவரின் பதிவுக்குக் கீழே எழுதத் தொடங்கிய நாளில் என் பாடத்தின் பாதி முடிந்தது.

இங்கேதான் நன்னூல் வருகிறது. இணையவழியில் சக மாணவர் கருத்துரை என்றால் எல்லா இடத்திலும் ஒரே தொல்லை: "சூப்பர்", "நல்லாயிருக்கு", ஒரு கட்டைவிரல். பிள்ளைகளைக் குறை சொல்லமுடியாது. எழுத்தைப் பற்றிப் பேச அவர்களிடம் சொற்கள் இல்லை. ஆங்கில மதிப்பீட்டுப் பட்டியல்களை மொழிபெயர்த்துக் கொடுத்துப் பார்த்தேன், ஒட்டவில்லை. பிறகு பாயிரத்தில் பவணந்தி முனிவர் சொன்ன பத்துக் குற்றங்களை எடுத்தேன். குன்றக் கூறல், மிகைபடக் கூறல், கூறியது கூறல், மாறுகொளக் கூறல் (முன்னுக்குப் பின் முரணாகச் சொல்வது), மற்றொன்று விரித்தல் (எடுத்ததை விட்டு வேறொன்றை விரிப்பது), சென்று தேய்ந்து இறுதல் (போகப் போக வலுவிழந்து முடிவது) ஆகியவை முதலாம் வருட எழுத்தில் அன்றாடம் வருபவை. ஒவ்வொரு கருத்துரையும் ஒரு குற்றத்தையாவது பெயர் சொல்லி, எந்த வரியில் என்று காட்டவேண்டும். அதோடு, பாயிரம் சொல்லும் பத்து அழகில் ஒன்றையும் காட்டவேண்டும். "மூன்றாம் பந்தி மற்றொன்று விரித்தல்" என்று எழுதியவுடன் சண்டை வராது. குற்றம் ஆளுடையதாக இல்லாமல் பந்தியுடையதாகிவிடுகிறது. தமிழ் படிக்காத கணிதப் பிரிவுப் பிள்ளைகளும் இரண்டு கிழமையில் இந்தச் சொற்களைப் பிடித்துக்கொண்டார்கள்.

அதே பாயிரத்தில் எழுவகை மதம் என்று இருக்கிறது. மதம் என்றால் இங்கே ஒரு கருத்தின்மேல் எடுக்கும் நிலைப்பாடு. மறுமொழி எழுதுவதற்கு அதைவிட நல்ல வழிகாட்டி எனக்குத் தெரியாது. உடன்படல், மறுத்தல் இரண்டும் எல்லாருக்கும் வரும். பிறர்தம் மதம் மேற்கொண்டு களைவு என்பதுதான் அருமை. எதிராளியின் கருத்தை முதலில் ஏற்று, அதன் வழியே நடந்து, அது எங்கே இடறுகிறது என்று காட்டுவது. இருவர் மாறுகோள் ஒருதலை துணிவு இன்னொன்று: மாறுபட்டு நிற்கும் இருவரில் ஒருவர் பக்கம் காரணத்தோடு துணிவது. ஒவ்வொரு மறுமொழியின் தலையிலும் இது எந்த மதம் என்று எழுதச் சொல்லுங்கள். வெறுமனே மறுத்துக்கொண்டிருந்த ஒரு மாணவர், ஒரு முழுப் பருவமும் தான் வேறெதுவும் செய்யவில்லை என்பதைத் தன் பதிவுகளைத் திரும்பிப் பார்த்துத் தானே கண்டுபிடித்தார். பேச்சில் இது நடக்காது, பேச்சு காற்றோடு போய்விடும். எழுத்தில் நடந்த வகுப்புக்கு ஞாபகம் இருக்கிறது.

கருவிகளைப் பற்றிச் சுருக்கமாக. உங்களுக்கு மூடில் போதும். அதன் கலந்துரையாடல் பகுதியில் கேள்வி-பதில் என்று ஒரு வகை உண்டு. அதில் தன் பதிலைப் போடாத மாணவருக்கு மற்றவர்களின் பதில் தெரியாது, போட்ட பின்பும் திருத்தும் நேரமான அரை மணித்தியாலம் கழியவேண்டும். முதற் பதிவுக்கு இதையே வையுங்கள், பார்த்தெழுதுவது நின்றுவிடும். நீண்ட ஒப்படைக்கு வேர்க்ஷொப் என்ற கருவி இருக்கிறது. ஆக்கங்களைத் தானே மாணவர்களுக்கிடையே பங்கிட்டுக் கொடுக்கும். எழுதியதற்கு 80, மற்றவரை மதிப்பிட்டதற்கு 20 என்பது அதில் இயல்பாக அமைந்த புள்ளிப் பகிர்வு. அந்த 20ஐ நான் 40 ஆக்குவேன். நன்றாக வாசிக்கத் தெரிந்தவர்தான் தன் எழுத்தைத் திருத்துகிறார். 80 பேரை 10 குழுவாகப் பிரித்து, குழுவுக்குள் மட்டும் தெரியும்படி வையுங்கள். அந்த 2013 கோட்பாடுகள் இணையவழி எழுத்து வகுப்புக்கு 20 பேருக்கு மேல் கூடாது என்கின்றன. நமக்கு அது கிடைக்காது. எட்டுப் பேர் கொண்ட குழு அதற்கு ஓரளவு ஈடு.

வட்ஸ்அப்பைக் குழு சேர்க்காமல் அறிவித்தலுக்கு மட்டும் வையுங்கள். வாதம் அங்கே மேலேறி ஓடி மறைந்துவிடும். அதைவிட முக்கியமான காரணம், குழுவில் சேர்ந்தவுடன் பெண்பிள்ளைகளின் தொலைபேசி இலக்கம் எல்லார் கைக்கும் போய்விடுகிறது. அதனால் வந்த தொல்லைகளை நான் நேரில் அறிவேன்.

தட்டச்சை முதற்கிழமையிலேயே கவனியுங்கள். கடைகளில் இன்னும் பாமினி எழுத்துருவில்தான் பலர் அடிக்கிறார்கள். அதை அப்படியே மூடிலில் ஒட்டினால் ஆங்கில எழுத்துகளும் குறிகளுமாகச் சிதறித் தெரியும். பிள்ளை இரவிரவாக எழுதியது குப்பைபோலத் தெரிந்தால் அடுத்த தடவை எழுதமாட்டாள். போனில் யுனிக்கோட் விசைப்பலகையை நிறுவி, ஊர் பெயரையும் அம்மா சமைக்கும் ஒரு கறியின் செய்முறையையும் தமிழில் அடித்துப் போடச் சொல்லுங்கள். அதற்குப் புள்ளி வேண்டாம்.

மொழி பற்றி என் கருத்து உறுதியானது. உங்கள் மாணவர்கள் இறுதியில் ஆங்கிலத்தில்தான் எழுதவேண்டும், பாடநெறி ஆங்கில மூலம். இருந்தாலும் வாதத்தைத் தமிழில் நடத்துங்கள். நிலைப்பாடு, மறுப்பு, சான்று எல்லாம் தமிழில் உறுதியான பிறகு ஆங்கிலத்தில் எழுதட்டும். யோசிப்பதையும் மொழியையும் ஒரே நேரத்தில் சுமக்கச் சொன்னால் இரண்டையும் கீழே போட்டுவிடுகிறார்கள். தமிழில் நடத்தினால் ஆங்கிலம் வளராது என்று சில சக விரிவுரையாளர்கள் சொல்வார்கள். என் மாணவர்களின் ஆங்கிலக் கட்டுரைகள் நீண்டதும் தெளிந்ததும் இந்த முறைக்குப் பிறகுதான்.

செயற்கை நுண்ணறிவைப் பற்றிக் கேட்காமல் விட்டிருக்கிறீர்கள், ஆனால் முதற்கிழமையே சந்திப்பீர்கள். கண்டுபிடிக்கும் மென்பொருள்களை நம்பி ஒரு பிள்ளையையும் குற்றம் சாட்டாதீர்கள். 2023இல் ஸ்டான்ஃபோர்ட் ஆய்வாளர்கள் சோதித்தபோது, ஆங்கிலம் தாய்மொழியல்லாதவர்கள் சொந்தமாக எழுதிய கட்டுரைகளில் பாதிக்கு மேலானவற்றை அவை சராசரியாக இயந்திரம் எழுதியது என்றன. நம் பிள்ளைகளின் எளிய ஆங்கிலம் அந்த வலையில்தான் விழும். கூகுள் டொக்ஸில் எழுதச் சொன்னால் எழுத்து வளர்ந்த வரலாறு அதில் பதிவாகிறது. தமிழில் நடந்த வாதம் கண்முன்னே இருக்கிறது. இரண்டும் இருக்கும்போது இறுதி ஆக்கம் எங்கிருந்து வந்தது என்று எனக்கு ஒருபோதும் சந்தேகம் வந்ததில்லை.

இப்போது எல்லாவற்றிலும் முக்கியமானதற்கு வருகிறேன். மேலைநாட்டு எழுத்துப் பாடநெறிகள் பலவும் சொந்த அனுபவக் கட்டுரையோடு தொடங்குகின்றன: உன் வாழ்க்கையை மாற்றிய ஒரு நாளை எழுது. வன்னியில் இதைக் கொடுக்காதீர்கள். உங்கள் முன்னால் இருக்கிற பிள்ளைகள் 2009இல் மூன்று, நான்கு, ஐந்து வயதில் இருந்தவர்கள். அப்பா எங்கே என்று இன்றுவரை தெரியாதவர்கள் அவர்களில் இருக்கிறார்கள். ஒரு தடவை அறியாமல் அப்படியொரு தலைப்பைக் கொடுத்தேன். ஒரு மாணவர் இரண்டு வரி எழுதி அனுப்பினார். அதைத் திருத்தும் உரிமை எனக்கு இல்லை என்று தெரிந்தது. அன்றோடு விட்டுவிட்டேன். தாங்களாகவே எழுத வருகிறவர்களுக்குக் கதவைத் திறந்து வையுங்கள், குழுவுக்குப் போகாமல் உங்களுக்கு மட்டும் அனுப்பும் வழியோடு. புள்ளிக்காக அதைக் கேட்காதீர்கள்.

எழுத்தின் ஞாபகத்தைப் பற்றி மேலே பெருமையாகச் சொன்னேன். அதற்கு இன்னொரு முகமும் உண்டு. இணையத்தில் எழுதியதை யாரும் படம்பிடித்து எங்கும் அனுப்பலாம். காணிப் பிரச்சினை, காணாமல் ஆக்கப்பட்டோர், படை முகாம் பற்றி ஒரு பத்தொன்பது வயதுப் பிள்ளை எழுதியது யார் கைக்குப் போகும் என்று பெற்றோர் அஞ்சுவதற்குக் காரணம் இருக்கிறது. இந்தத் தலைப்புகளைத் தடைசெய்யச் சொல்லவில்லை. புனைபெயரில் எழுத விடுங்கள். குழுவுக்கு வெளியே எதையும் பகிர்வதில்லை என்று எல்லாரிடமும் முதல் நாளே எழுத்தில் உறுதி வாங்குங்கள். பருவம் முடிந்ததும் பதிவுகளை அழித்துவிடுவேன் என்று சொல்லி, சொன்னபடி அழியுங்கள். எழுத்து யாருக்குப் போகிறது என்று யோசித்து எழுதுவதும் வாதமுறையில் ஒரு பகுதிதான், நம் பிள்ளைகளுக்கு அது மற்றவர்களைவிட முந்தியே தெரியும்.

உங்கள் வேலைப்பளுவையும் சொல்லவேண்டும். 80 பேரின் ஒவ்வொரு பதிவுக்கும் பதில் எழுத நினைத்தால் நாலாம் கிழமை படுத்துவிடுவீர்கள். ஒரு கிழமைக்குக் குழுவொன்றில் ஒரு பதிவை மட்டும் எடுத்து, எல்லாரும் வாசிக்கும்படி நீளமாகப் பதில் எழுதுங்கள். யாருடையது வரும் என்று முன்கூட்டித் தெரியாமல் இருக்கட்டும். இறுதி வரைவுக்கு முந்திய வரைவுக்கு ஒவ்வொருவருக்கும் இரண்டு நிமிடக் குரற்பதிவு அனுப்புங்கள். சிவப்பு மையில் பத்து வரி எழுதுவதைவிடக் குரலில் கனிவு போய்ச் சேரும். எண்பது பேருக்கும் சேர்த்து மூன்று மணித்தியாலத்துக்குக் கொஞ்சம் குறைவாகத்தான் பேசுவீர்கள்.

கடைசியாக நாட்கணக்கு. ஒப்படை முடிவுநேரத்தை ஞாயிறு நள்ளிரவு என்று வைக்காதீர்கள். அந்த நேரம் ஒரே போனுக்கு மூன்று சகோதரர்கள் நிற்பார்கள். முதற் பதிவுக்குச் செவ்வாய் இரவும் மறுமொழிக்கு வெள்ளி இரவுமாக வைத்து, இரண்டுக்கும் ஒரு நாள் சலுகை கேட்காமலே கொடுங்கள். காலபோக அறுவடை நடக்கும் தை, மாசியில் நீண்ட வரைவு எதுவும் வேண்டாம், பிள்ளைகள் வயலில் நிற்பார்கள். வைகாசியில் வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கல் நடக்கும் கிழமை முழுவதையும் வெறுமையாக விட்டுவிடுங்கள்.